மாலை போட்ட படம்

நான் கண்டுபிடித்த முதல் கொலைகாரர் ஒரு பாடகர். அப்போது எனக்கு எட்டு வயது. மூளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் லிபெர்த்தா என்ற பணக்காரப் பகுதியில் தான் வேலை செய்த வீட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு வயதான சிஞ்ஞோரே, அதாவது வெள்ளைக்கார ஐயா, தனியாக இருந்தார். அம்மா தன்னிடம் வேலை செய்வதாக அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெர்மெஸ்ஸோவை, அதாவது எங்கள் வதிவிட அனுமதியை, புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் எங்களுக்கு இந்த நாடு இல்லை. வீட்டில் அப்போது அதைத் தவிர வேறு கதையே இல்லை.

சிஞ்ஞோரேயின் ஹோலில் பெரிய படம் ஒன்று. கடற்கரையில் மஞ்சள் சட்டை போட்ட நான்கு இளைஞர்கள், தோள்வரை முடி, எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. சட்டத்தின்மேல் துணிப் பூமாலை. எங்கள் ஆட்களுக்கு மாலை போட்ட படம் என்றால் ஒரே அர்த்தம்தான். பாவம், நாலு பிள்ளைகளும் ஒன்றாகப் போய்விட்டார்கள் என்று அம்மா முடிவுகட்டினார். கேட்டால் மனம் நோகுமே என்று கேட்கவில்லை. தினமும் தூசி தட்டி, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, சிலுவை போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குப் போவார்.

சிஞ்ஞோரே அழமாட்டார். திரி எரியத் தொடங்கியதும் எழுந்து வந்து பாடுவார். வெயில், கடல், லாலாலா என்று கல்யாணவீட்டுக் குஷியில். செத்தவர்களுக்கு முன்னால் இப்படிப் பாடும் மனிதரை எப்படி நம்புவது? நான் துப்பறிந்தேன். அலுமாரிக்குள் அதே மஞ்சள் சட்டை. செத்தவரின் சட்டை கொன்றவரைத் தவிர வேறு யாரிடம் இருக்கும்?

"வாயைப் பொத்திக்கொண்டு இரு," என்றார் அம்மா. "முதல்ல கையெழுத்தைப் போடட்டும். பிறகு கொலைகாரனோ ஆரோ, பாப்பம்."

ஆனால் அன்றிலிருந்து சிஞ்ஞோரே ஊற்றிக்கொடுத்த கோப்பியை அம்மா பூச்சாடிக்குத்தான் கொடுத்தார்.

ஒருநாள் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மொட்டைத் தலை. ஆனால் முன்பல்லில் அதே இடைவெளி. படத்தில் இரண்டாவது ஆள்.

"நீங்கள் செத்துவிட்டீர்கள்," என்றேன்.

"என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள்," என்றபடி அவர் உள்ளே வந்தார்.

என்னிடம் விஷயத்தைக் கறந்ததும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். படத்தில் நாலாவதாக நிற்பவர் சிஞ்ஞோரேதானாம். அறுபதுகளில் கடற்கரை மேடைகளில் நாலு குரலும் ஒன்றாகச் சேரப் பாடினார்களாம். எல்லாப் பாட்டிலும் வெயில்தான். ஒரேயொரு இசைத்தட்டு. அந்தப் பூமாலை அப்போது மேடையில் போட்டது. பிறகு சனம் சத்தமான பாட்டுக்கு மாற, இருவர் வங்கிக்கும் வந்தவர் சப்பாத்துக் கடைக்கும் வேலைக்குப் போனார்களாம். தங்களை இன்னும் மறக்காத ஒரு ரசிகை காலையில் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறாள் என்று சிஞ்ஞோரே போனில் சொன்னதால், அவளைப் பார்க்கத்தான் கத்தானியா நகரத்திலிருந்து வந்தாராம்.

அம்மா கைத்துவாயோடு வாசலில் நின்றார். சிஞ்ஞோரே கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன்.

"எங்கட பாட்டு ஒண்டுகூடத் தெரியாதோ எண்டு கேக்கிறார்."

அம்மா நிலத்தைப் பார்த்தார். "தெரியாது. செத்த பிள்ளையளெண்டு நினைச்சன் எண்டு சொல்லு."

சொன்னேன், உற்சாகமாக.

சிஞ்ஞோரே மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, பெர்மெஸ்ஸோத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்குத்தான் குழப்பம். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கொலையே நடக்கவில்லை. பிறகு ஏன் சிஞ்ஞோரே பிடிபட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்? பிரான்காச்சோ பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தேன். கடைசியில், இவர் வேறு யாரையோ கொன்றிருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.