ஜெனரேட்டர் வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வந்த நாள்

ஓடுகிற ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் நடுங்குவது பற்கள்தான். கையும் காலும் பிறகுதான். வாயை எவ்வளவு இறுக மூடினாலும் பல்லோடு பல் இடித்துக்கொண்டே இருக்கும், நாக்கில் டீசல் படிந்ததுபோல ஒரு கசப்பு ஊறும். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறையில், ஒரு மத்தியானம், அந்தக் கசப்பு என் நாக்கில் ஏறியது. இன்றும் ஏதாவது கல்யாண மண்டபத்தின் பின்பக்கமாகப் போக நேர்ந்தால் அது திரும்பி வந்துவிடுகிறது.

கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடங்கள் அவை. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, மாதா கோவிலைச் சுற்றி வீடுகளாக இருக்கும் எங்கள் ஊரில் அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மைக் இருந்து என்ன, கரண்டு இருந்தால்தானே பாட்டு? அதனால் பழைய டெம்போ வேன் ஒன்றை வாங்கி, அதன் தகரக் கூண்டுக்குள் ஒரு ஜெனரேட்டரை இறக்கி, போல்ட் போட்டு முடுக்கி நிறுத்தினார். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் போடுகிற ஒருவர் முதல் ஆளாகக் கேட்டு வைத்திருந்தார். கூட்டத்துக்கு நடுவே மெஷின் படுத்துக்கொண்டால் அதற்கப்புறம் யார் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில், கிளம்புவதற்கு முன்னால் முழு "லோடு" கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார்.

அத்தனை லோடுக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்த டியூப் லைட்டுகள் அந்த மெஷினுக்குத் தூசு. அம்மாதான் வழி சொன்னாள். "காலைல இருந்து கரண்டு இல்லாம, தெருவுல அம்புட்டுப் பேரும் மாவாட்ட வழியில்லாமக் கெடக்காக. கிரைண்டரத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, ஒங்க லோடு தானா வருது." அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், ஊறவைத்த அரிசியும் உளுந்துமாகத் தெருவே திரண்டுவிட்டது. "டெஸ்ட்ட நல்லாப் பண்ணுங்கண்ணே, ஆனா எங்க வீட்டு உளுந்து புளிக்கிறதுக்குள்ள பண்ணுங்க" என்றாள் பக்கத்து வீட்டுச் சவரியம்மா அத்தை.

அப்பா என்னைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டார். ஒருபக்கம் எஞ்சின், மறுபக்கம் தகரம், நடுவே நான் உட்காரும் அளவுக்கு ஒரு சந்து. எதிரே வோல்ட் காட்டும் ஒரு மீட்டர். அதற்கடியில் "பிரேக்கர்" என்கிற கறுப்புக் கைப்பிடி; லோடு தாங்காவிட்டால் அது தானாகக் கீழே விழுந்து கரண்டை நிறுத்திவிடும் என்று சொல்லித் தந்திருந்தார். ஒவ்வொரு கிரைண்டராக மாட்ட மாட்ட மீட்டரின் முள் எதுவரை இறங்குகிறது என்று நான் கத்திச் சொல்ல வேண்டும். "ஆத்தா, முள்ள விட்டுக் கண்ண எடுத்துராத. யாரு கூப்புட்டாலும் திரும்பாத." அப்பா எனக்கென்று ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டியை மந்திரிக்க, அதாவது தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்க, சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்த மாதா கோவில் சாமியார், மெஷின் சத்தம் கேட்டு அப்போதே வந்துவிட்டார். எங்கள் ஊரில் சாமியாரின் வெள்ளை அங்கி தெருமுனையில் தெரிந்தால் போதும், பிள்ளைகள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் "தோத்திரம் சாமி" என்று கை கூப்புவோம், அவர் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார். ஓடாத பிள்ளை ஊரிலேயே கிடையாது. ஆகவே நானும் இறங்கி ஓடியிருப்பேன் என்று அப்பா எண்ணிக்கொண்டார். மாவு பாதியில் கிடந்ததால் எஞ்சினை நிறுத்த முடியவில்லை. தீர்த்தம் ஒயரில் பட்டு ஷார்ட் ஆகிவிடக் கூடாதே என்ற ஒரே யோசனையில் பின்கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். நானோ அவர் சொன்ன சொல் தவறாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முள் தெரியவில்லை. இருட்டு. "அப்பா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தகரத்தைக் குத்தினேன், ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருந்த தகரத்தில் என் குத்து யாருக்குத் தெரியும்? தட்டுத் தடுமாறிக் கதவைத் தொட்டால் உட்பக்கம் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. மேலும் கீழும் தடவிப் பார்த்தேன், வழவழவென்று வெறும் தகரம். புகைக்குழாயின் இணைப்பு ஒன்றில் கசிவு இருந்திருக்கிறது. கதவு திறந்திருந்தவரை வெளியே போய்க்கொண்டிருந்த புகை இப்போது உள்ளேயே சுழன்றது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். சாமியார் ஜெபம் சொல்ல, தெருவே தலை குனிந்து நின்றது. முக்காடு போட்ட அம்மா எனக்கு நேர் எதிரே, கண்களை மூடிக்கொண்டு, உதடுகள் அசைய நின்றாள். கண்ணைத் திற அம்மா, கண்ணைத் திற அம்மா என்று அழுதேன்.

அப்போதுதான் அந்தக் கறுப்புக் கைப்பிடி ஞாபகம் வந்தது. தடவிப் பிடித்துக் கீழே இழுத்தேன். வெளியே கிரைண்டர்கள் எல்லாம் நின்றன, தலைகள் நிமிர்ந்தன. அப்பா ஓடினார், ஆனால் வண்டியை நோக்கி இல்லை. லோடு கூடிப்போய் பிரேக்கர் விழுந்துவிட்டது என்று கிரைண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் போனார். சாமியார் தீர்த்தச் செம்போடு காத்திருந்தார். யாருமே என் பக்கம் திரும்பவில்லை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்த அதே நேரத்தில், ஊர் பார்க்க அப்பாவின் மெஷினை நான் தோற்க வைத்துவிட்டேன், திட்டப் போகிறார் என்ற பயமும் வந்தது. பயத்தில் கைப்பிடியை மறுபடி மேலே தள்ளினேன்.

மிச்சமிருந்த கிரைண்டர்கள் சுற்றத் தொடங்கின. சவரியம்மா அத்தை "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கை தட்டினாளாம். அப்பா மட்டும் கையில் பிடித்த ஒயரோடு அப்படியே நின்றுவிட்டாராம். பிரேக்கர் தானாக விழும், தானாக ஏறாது.

கதவு திறந்தது. வெளிச்சத்தைவிட முதலில் வந்தது அப்பாவின் கை. "அடியாத்தீ, எம் புள்ள அங்கனயா இருந்தா!" என்று அலறிய அம்மா என்னை அணைத்துக்கொண்டு, பிறகு முதுகில் நாலு சாத்து சாத்தி, மறுபடி அணைத்துக்கொண்டாள். "சாமி, வண்டி கெடக்கட்டும், புள்ளைய மந்திரிங்க" என்றாள் சவரியம்மா அத்தை. வண்டிக்கென்று கொண்டுவந்த தீர்த்தம் முழுவதும் என் முகத்தையும் கண்ணையும் கழுவுவதற்கே செலவானது. வண்டி மந்திரிக்கப்படாமலே வீரபாண்டிக்குப் போய், ராட்டினத்தை ஒரு குறையும் இல்லாமல் சுற்றிவிட்டு வந்தது.

அதைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. வெகுநாள் இருந்தது. கழிப்பறைக் கதவைக்கூடத் தாழிடாமல் வளர்ந்தவள் நான். இன்றும் ஆள் நிறைந்த லிஃப்ட்டில் ஏறாமல் படியில்தான் போகிறேன்.

பிறகு கரண்டு ஒழுங்காக வரத் தொடங்கியது, ஜெனரேட்டருக்கு ஆள் குறைந்தது, அப்பா வண்டியை விற்றார். தெருவில் சேர்ந்து மாவாட்டுவதும் அத்தோடு போயிற்று. அப்பாவும் இப்போது இல்லை. போன மாதம் தேனி காய்கறி மார்க்கெட்டில் ஒரு டெம்போ வேனைப் பார்த்தேன். கூண்டில் புகைக்குழாய்க்காக அப்பா போட்ட ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்; அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம் எங்கள் வண்டி என்று சொன்னேன். "ஒங்க வண்டியாக்கா?" என்று சிரித்தார். "உள்ளுக்குள்ள எதுக்குக்கா தாப்பா வச்சாக? மூட்டையா தெறந்துக்கிட்டு எறங்கப் போகுது? அதுவும் இம்புட்டுத் தாழ்வா!"

எட்டிப் பார்த்தேன். கதவின் உட்பக்கம், வழவழத்த அந்தத் தகரத்தில், துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அப்பா எப்போது அதை வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அந்த வண்டிக்குள் நான் ஏறியதே இல்லை. இப்போது உள்ளே ஏறிக் குனிந்தேன். அது போதவில்லை. மண்டி போட்டு, பத்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிய பிறகுதான், கை நேராக அதன்மேல் போய் நின்றது.