ஆறு தட்டுக் கணக்கு

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவை ஆறு அலுமினியத் தட்டுகள். என் பிள்ளைகளுக்கும் தட்டை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு தட்டுக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு தட்டு. இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாடத்தால் எங்கள் வீட்டில் ஒரு முறை பெரிய வம்பு வந்தது.

அப்போது எனக்கு ஐந்து வயது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் ஓட்டு வீடு. நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தாவைத் தினமும் பார்த்துப் பார்த்து, தன் பிள்ளையும் அப்படி நிழலில் நின்று எண்ண வேண்டும் என்று அவருக்கு ஆசை. பள்ளியில் சேர்க்கும் முன்பே என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

முதலில் வீட்டு ஆட்களைத்தான் எண்ணச் சொன்னார். அத்தை ஓடி வந்து தடுத்தாள். "மனுசாள் தலைய எண்ணாதடா, கண்ணு பட்டுடும்!" ஆகவே தலைகளுக்குப் பதில் தட்டுகள். நசுங்கியது நைனாவுடையது. அம்மாவுடையதில் ஈயப்பற்று. பிறகு அத்தை, அண்ணன், அக்கா, கடைசியில் நான். தங்கச்சி தூளியில் கிடந்தாள். அவளுக்குத் தட்டும் இல்லை, ரேஷன் கார்டில் இன்னும் பேரும் இல்லை. அதனால் எண்ணிக்கையிலும் இல்லை.

ஆரம்பத்தில் எனக்கு ஐந்துக்கு அடுத்து ஏழுதான் வரும். அண்ணன் விடுவானா? "ஏழாவது தட்டா? நம்ம வூட்ல ஆறுதான் கீது. அப்ப உனக்குத் தட்டு இல்ல, போ" என்று என் தட்டைத் தூக்கி ஒளித்துவைத்தான். அரைமணி நேரம் பசியோடு அழுதேன். ஆறு என்ற எண் அதற்குப் பிறகு எனக்கு மறந்ததே கிடையாது.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்துச் சத்தமாக எண்ணுவேன். முடித்ததும் நைனா கை தட்டுவார். மூட்டை தூக்கிக் காய்த்த கை. சத்தம் சந்துமுனை வரை கேட்கும்.

இப்போது வம்புக்கு வருகிறேன். எங்கள் ரேஷன் கார்டில் எட்டுப் பேர். சித்தப்பாவும் சித்தியும் ரயில்வே வேலை கிடைத்து அரக்கோணம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேர்கள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன. ஆறு பேருக்கான அரிசி ஆறு பேருக்குப் போதவில்லை. எட்டுப் பேருக்கான அரிசி போதுமானதாக இருந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ரேஷன் இன்ஸ்பெக்டர் எங்கள் சந்துக்குள் நுழைந்தார். அவர் முதல் வீட்டில் இருக்கும்போதே அம்மா பின்வழியாக ஓடி இரண்டு பேரைக் கடன் வாங்கி வந்துவிட்டாள். சித்தப்பாவாக, பக்கத்து வீட்டில் சாக்கு தைக்கும் பாய். சித்தியாக, எதிர்வீட்டு மீன்கார அக்கா.

அவசரத்தில் அம்மா ஒன்றை மறந்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள். அக்கா கொட்டும் மீன்கூடைத் தண்ணீர் நேராகப் பாய் வாசலுக்குத்தான் போகும்.

"தங்கச்சி, உனக்காவ இன்னா வோணா செய்றேன். இதுக்குப் புருசனா மட்டும் நிக்கச் சொல்லாத" என்று அம்மாவிடம் சொன்னார் பாய், தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டே.

"ஆமா, நான் மட்டும் ஆசப்பட்டுகினு வந்தேன் பாரு" என்றாள் மீன்கார அக்கா.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். எட்டுப் பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா கிழக்கே பார்த்தார், சித்தி மேற்கே பார்த்தாள்.

"இன்னாமா, புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டையா?"

"தெனமும்தான் சார்!" என்றாள் மீன்கார அக்கா. அன்று அந்த வீட்டில் பெரியவர்கள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவர் சிரித்துவிட்டு எட்டு என்று எழுதி, பேனாவை மூடினார். அம்மா மூச்சு விட்டாள். போகிற போக்கில், மரியாதைக்காக, அவர் என் தலையைத் தடவினார். "தம்பி ஸ்கூலுக்குப் போறானா?"

'இன்னும் இல்லை' என்று சொல்லியிருந்தால் போதும். நைனாவுக்கு வாய் நிற்கவில்லை. "போகல சார். ஆனா ஜோரா எண்ணுவான்! டேய், சாருக்கு எண்ணிக் காட்றா!"

அம்மா நைனாவைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. அதற்குள் தட்டுகளை எடுக்க ஓடிவிட்டேன்.

நைனா ஒண்ணு. அம்மா ரெண்டு. அத்தை மூணு. அண்ணன் நாலு. அக்கா அஞ்சு. என் தட்டை என் இடத்தில் வைத்து, "ஆறு!" என்று கத்தினேன். எல்லாரும் கை தட்டுவார்கள் என்று நின்றேன். யாரும் தட்டவில்லை.

"இன்னும் ரெண்டு வைடா கண்ணு" என்றாள் அம்மா.

"இன்னும் ஏது? ஆறோட முடிஞ்சிடுச்சே."

அத்தை பாய்ந்துபோய்ச் சோற்றுப்பானை மூடியையும் குழம்புச்சட்டி மூடியையும் கொண்டுவந்து வைத்தாள். "இதோ ஏழு, எட்டு!"

என் கணக்கில் ஒருவர் கை வைப்பதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அது மூடி! தட்டு இல்ல! பாய் தட்டு பாய் வூட்ல கீது, மீனக்கா தட்டு மீனக்கா வூட்ல கீது!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி திறந்தார். எட்டை அடித்து ஆறு என்று எழுதினார். "நல்லாத்தான் எண்ணுறான்மா. சீக்கிரம் ஸ்கூல்ல சேருங்க" என்றார், கேலியாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. பாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரும் மீன்கார அக்காவும் வெளியே போய், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. "இன்னாத்துக்கு அடிக்கிறது? சரியாத்தானே எண்ணுனான்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சில நாள் கழித்து, வழக்கம்போல ஆறு தட்டுகளை வைத்தேன். அம்மா தன் தட்டை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். "எனக்கு வாணாம்டா. நீங்கள்லாம் துண்ணுங்க. நான் அப்பால பானையோட வச்சித் துண்ணுக்கிறேன்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்கெல்லாம் ஒரு தட்டு, அம்மாவுக்கு மட்டும் ஒரு பானை!

ஆனால் அதிலிருந்து ஒரு புதுக் கணக்கை நானாகவே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தராதது. நைனா முன்னால் போய் நின்று பெருமையாகச் சொன்னேன்: "நைனா! ஆறுல ஒண்ணு போனா அஞ்சு!"

நைனா கை தட்டவில்லை. பானையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தன் தட்டில் இருந்த சோற்றில் பாதியை வழித்துப் பானைக்குள் போட்டார்.

கணக்கு தப்போ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தட்டுகளை மறுபடியும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். அஞ்சுதான் இருந்தது.