முதல் மேசைப் பிள்ளையார்

எழுபதுகளில், சின்னமனூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்த பள்ளியில், பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தோம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். ஏலக்காய்க் கொத்து, நெற்கதிர், மான் கொம்பு, நான் சிமெண்டில் செய்த பெரியாறு அணை எல்லாம் மேசைகளில் இருந்தன. கண்ணாடிப் பெட்டி எதற்கும் கிடையாது. எதையும் தொடலாம் என்பது ஒன்றே விதி.

அந்த விதியை மீறியவர் எங்கள் ஹெட்மாஸ்டர்தான். பிள்ளையார் இல்லாமல் அவர் எந்தக் காரியத்தைத் தொடங்கினார்? முதல் மேசையிலேயே ஒரு களிமண் பிள்ளையாரை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலையும் போட்டிருந்தார். வரிசையில் முதலில் வந்த சிறுமி நேரே அதன் மேல் கைவைத்தாள்.

"ஆத்தா, அது சாமி. தொடக் கூடாது" என்றார்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அப்ப எதுக்கு சார் இங்கன கொண்டாந்து வச்சீக? கோயில்லதான் தொட விடமாட்டாக, இங்கனயுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் மாலையைக் கழற்றிவிட்டு, பிள்ளையாரைத் தூக்கி அவள் கைகளிலேயே கொடுத்தார். அவள் தொந்தியைத் தடவிச் சிரித்தாள். தும்பிக்கையின் வளைவோடு நுனிவரை போய்த் திரும்பினாள். தந்தங்களுக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. ஒன்று முழுதாக இருந்தது, மற்றது பாதிதான். அவள் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

"நான் ஒடைக்கல சார்" என்றாள். "முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சு."