காலண்டர் முகம்

தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் அச்சகத்தில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே படம் வரைய ஓர் இளைஞர் வருவார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் காணாத தலை. அந்தக் காலத்துக் காலண்டர் படங்கள்மேல் அவருக்குத் தீராத மோகம். யாரை வரைந்தாலும் வட்ட முகமும் பெரிய கண்களும் நெற்றியில் ஒரு சுருள்முடியும் வந்துவிடும்.

வெள்ளம் வந்த வருடம் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இறந்துபோன மனைவியின் ஒரே போட்டோவை ஆறு கொண்டுபோய்விட்டது. அவர் அடையாளம் சொல்லச் சொல்ல, இவர் வரைந்தார். பெரியவர் வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"நல்லாருக்கு வே. ஆனா இது அவ இல்ல."

"வேற வரைஞ்சு தாரேன் அண்ணாச்சி."

"வேண்டாம். அவ மொகம் எனக்கே மறந்துக்கிட்டு வருது. இனும இதப் பாத்துக்கிடுதேன்."

படத்தை மார்போடு அணைத்தபடி அவர் படியிறங்கினார். ஓவியர் தூரிகையைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"மிச்சமிருந்த மொகத்தயும் நான் அழிச்சிட்டேம்லா?"

நான் தூரிகையை எடுத்துக் கழுவி வைத்தேன். அதன்பின் இறந்தவர்களின் படம் கேட்டு யார் வந்தாலும் அவர் வரையவில்லை.