நோவிலிருந்து தொடங்கிய தமிழ்

"எங்க நோகுது?"

எங்கள் புதிய மருத்துவ உதவியாளர் காலையில் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தபடி கேட்ட கேள்வி அது. தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண். தமிழில் முதலில் பாடமாக்கிய வசனம் அதுவாகையால், அதையே வணக்கமாகவும் வைத்துக்கொண்டார். "மனசுதான் பிள்ளை நோகுது, மருந்து இருக்கோ?" என்று எங்களில் மூத்தவரான பெரியக்கா கேட்க, கண்ணிவெடி அகற்றும் எங்கள் பெண்கள் அணி முழுவதும் சிரித்தது.

அணித்தலைவியான எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெடுங்கேணிக் காட்டோரத்தில் வேலை. காயப்பட்டவர் தன் தாய்மொழியில்தான் கத்துவார். அது விளங்காவிட்டால் ஓர் உயிர் போகலாம். உறுப்புகள், காயங்கள், மருந்துகள் என்று பிரித்துச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மடித்து வைத்தார். படித்ததோ சாப்பாட்டு நேரத்தில். முள் ஏறிய காலை ஒருத்தி நீட்டுவாள்: "இது குத்துது." கறியில் மிளகாய்த்தூள் கூடினால் இன்னொருத்தி நாக்கைக் காட்டுவாள்: "இது எரியுது." மார்புக் கவசத்தின் பாரத்தைத் தட்டிக் காட்டிப் பெரியக்கா சொன்னார்: "இது அமத்துது." ஒவ்வொன்றையும் தன் உடம்பில் தேடிப் பார்த்த பிறகே உதவியாளர் திருப்பிச் சொல்வார். குழந்தைகளும் இப்படித்தானே பேச்சைப் பிடிக்கிறார்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

மாரிக்கு முந்திய ஒரு நாள், ஓய்வு நேரத்தில் கவசத்தைக் கழற்றி வைத்த பெரியக்கா, வேர்த்துக் கொட்ட மரத்தில் சாய்ந்தார். "வாய்வுதான். இஞ்சித் தேத்தண்ணி தாங்கோ" என்றார். நாங்களும் நம்பினோம்.

உதவியாளர் முழந்தாளிட்டு அவர் கையைப் பிடித்தார். "அக்கா, குத்துதா? எரியுதா?"

"ரெண்டும் இல்லைப் பிள்ளை. அமத்துது."

உதவியாளர் நிலத்தில் கிடந்த கவசத்தை ஒருமுறை பார்த்தார். உடனே எழுந்து அம்புலன்சை நோக்கிக் கத்தினார்: "வாய்வு இல்லை! நெஞ்சு!"

மாரடைப்பு. இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பெரியக்கா இப்போது முகாம் குசினியில் சமையலைப் பார்க்கிறார். டாக்டர்மார் அவரை உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை கருவாட்டுப் பொரியலோடு பிடிபட்டுவிட்டார். உதவியாளர் இடுப்பில் கை வைத்து, ஒரு சொல்லுக்கும் தடுமாறாமல் பொரிந்து தள்ளினார்: "கருவாட்டைத் தொடக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? சொல்லுக் கேக்கிற பழக்கமே இல்லையோ உங்களுக்கு?"

பெரியக்கா எங்கள் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் பூரிப்பு.

"கேட்டியளே? பிள்ளை என்ன வடிவா ஏசுது பாருங்கோ!"