தண்ணீருக்குள் பாய்ந்த மான்

எண்பதுகளில் நாங்கள் டெக்சஸில், ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் இருந்தோம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள்கூட வேட்டைக்குப் போவார்கள். நானும் ஒரு வில் வாங்கி, வீட்டின் பின்புறம் வைக்கோல் கட்டின் மீது அம்பெய்து ஒரு வருஷம் பழகினேன்.

அந்த அக்டோபரில் ஒரு காலை, சதுப்புக்காட்டில் மரத்தின் மேல் கட்டிய இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்தும் அசையவில்லை. மான் வந்தது. எய்தேன். அம்பு பட்டது, ஆனால் மான் விழாமல் ஓடியது.

சற்றுப் பொறுத்து இறங்கி, இலைகளில் சிந்தியிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் தொடங்கிய இடத்தில் தடம் அழிந்துவிட்டது. காரில் காத்திருந்த கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"விட்டுடு. அந்தத் தண்ணியில பாம்பு இருக்கும்," என்றார்.

"அடிச்சது நான். அது எங்கயோ துடிச்சிட்டுக் கிடக்கும்போது எப்படி வீட்டுக்கு டிரைவ் பண்றது?"

நான் திரும்பி நடந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பின்னாலேயே அவரும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சேற்றில் அவருடைய ஒரு ஷூ போய்விட்டது. அக்கரையில் நாணல் மடிந்திருந்த இடத்தை அவர்தான் முதலில் பார்த்தார். அதைத் தாண்டி, ஒரு மேட்டில் மான் செத்துக் கிடந்தது.

பெருமை எதுவும் தோன்றவில்லை. அதைத் தேடாமல் விட்டுவிடவில்லை என்ற நிம்மதிதான் இருந்தது.

"நீ பின்னங்காலைப் பிடி," என்று சொல்லிவிட்டு அவர் கொம்பைப் பிடித்தார். நின்று நின்று தண்ணீர் வழியே இழுத்து இக்கரை சேர்த்தோம்.