மொட்டைத் தாசில்தாரும் என் உபகாரச் சம்பளமும்

யுத்தம் முடிந்த மறு வருஷம், சென்னையில் இன்டர்மீடியட் சேர்ந்திருந்தேன். உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் படிப்பு நிலைக்கும். அதற்கான விண்ணப்பத்தை அப்பா நிரப்பி அனுப்பட்டும் என்று ஊருக்குப் போட்டுப் பத்து நாள் ஆயிற்று.

என் நைனா திருத்தணியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மணி அடித்து ஒரு நிமிஷம் கழித்து வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஆனால் என் விண்ணப்பத்தை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்துக் கிழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு நான் வீட்டுக்கு வந்தபோதும் அது மேஜை மேல்தான் இருந்தது. மறுநாள் அது தபாலில் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும்; நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வருமானச் சான்றில் தாசில்தார் கையெழுத்து பாக்கி. ஆபீசோ லீவு.

"தாசில்தாரு மொட்டை போட மேல போயிகினு இருந்தாரே," என்றாள் பூக்காரி.

மலையேறினோம். தாசில்தாரை எங்களுக்கு முண்டாசும் மீசையுமாகத்தான் தெரியும். மேலே எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய தலைகள். மண்டபத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு மொட்டையிடம் நைனா கேட்டார்.

"ஏங்க, தாசில்தாரைப் பாத்தீங்களா? பெரிய மீசைங்க. கொஞ்சம் சிடுமூஞ்சின்னு சொல்வாங்க."

"யாருய்யா சொல்றது?"

குரலைக் கேட்டதும் நைனாவின் கை தானாகக் குவிந்தது. "பள்ளிக்கூடத்துப் பசங்க சொல்றாங்க, எஜமான்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தாசில்தார் முறைத்தபடியே சான்றைப் படித்துப் பார்த்து, முழங்கால் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"முத்திரை ஆபீசுல இருக்குது. சாவி டவாலிகிட்ட."

"அவரு எங்கங்க?"

கையைக் காட்டினார். அவருடைய டவாலிச் சேவகர் காவடி எடுத்து, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது.

"சாமி வந்தவன்கிட்ட நான் கேக்கமாட்டேன்," என்றார் தாசில்தார். "எனக்கே பயம்."

மூவரும் பின்னாலேயே பிராகாரம் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் நைனா "அரோகரா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அந்த இடுப்பில் மெல்லக் கை வைத்தார்.

டவாலி கண்ணைத் திறக்கவில்லை. "கூசுது வாத்தியாரே! கேட்டா தரமாட்டேனா?" என்று ஒரு கையால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தாளம் தப்பாமல் ஆடிப் போனார்.

தாசில்தார் எங்களோடு இறங்கிவந்து, ஈர வேட்டியோடு ஆபீசைத் திறந்து முத்திரை குத்தினார். தபாலாபீசும் மூடியிருந்தது. கூடுதல் தபால்தலை ஒட்டினால் ரயிலில் இருக்கும் தபால் வண்டியிலேயே கடிதம் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் நகர ஆரம்பித்துவிட்டது.

வயசுக்கு வந்த பெண் தெருவில் வேகமாக நடந்தாலே நைனாவுக்குப் பிடிக்காது. அவர்தான் கத்தினார்: "ஓடு, பொண்ணே, ஓடு!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தபால் வண்டி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு உறையைப் பிடுங்கிக்கொண்டது. மூச்சு வாங்கத் திரும்பினால், பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணிக் கடைசியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஊருக்குக் கார்டு போட்டேன். நைனாவின் பதில் இரண்டே வரி: "உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் சொல்ல ஒரு ஆளும் மிச்சமில்லை."